ட்ராலி மியூசியத் தன்னார்வலரின் ஒரு நாள்: 30 கிராமும் 20 டன்னும்

வீட்டில் மாதிரி ரயிலும் வைத்துக்கொண்டு, வாரக் கடைசியில் ட்ராலி மியூசியத்துக்கும் போகிற ஒருவரின் அன்றாடம் எப்படி இருக்கும், வேலைக்குப் போகிறவரால் இது முடியுமா, ட்ராமை நிஜமாகவே ஓட்ட விடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: விடுவார்கள். ஆனால் ஓட்டுவது என்பது என் வருடத்தில் ஒரு சின்னப் பகுதிதான். மீதியெல்லாம் துரு, கிரீஸ், பழைய பெயின்ட், காத்திருத்தல். அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பதில் பொய்யாகிவிடும்.

நான் இருப்பது அமெரிக்காவின் வடகிழக்கு மூலை, நியூ இங்கிலாந்து. பகலில் கணினி வேலை. மாதிரி ரயில் ஆரம்பித்து 11 வருடம், மியூசியத்துக்குப் போக ஆரம்பித்து 8 வருடம். போகிற மியூசியத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். சின்ன இடம், அங்கே இருப்பவர்களுக்கு விளம்பரம் பிடிக்காது. ஒன்று மட்டும் தெளிவுபடுத்திவிடுகிறேன். நம் ஊரில் ட்ராலி என்றால் விமான நிலையத்தில் பெட்டி தள்ளும் வண்டி. இங்கே அது தெருவில் தண்டவாளத்தின் மேல் ஓடிய மின்சார ட்ராம். ஊரிலிருந்து வரும் பெரியவர்களை அழைத்துப் போனால், “இதெல்லாம் நம்ம பக்கம் கிடையாதே” என்பார்கள். மெட்ராஸில் 1895இலிருந்து 1953 வரை ட்ராம் ஓடியது என்று சொன்னால் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

சரி, வார நாட்கள். என் ரயில்வே பேஸ்மென்ட்டில் இருக்கிறது, 14 அடிக்கு 9 அடி மேசையில். எச்ஓ அளவு, அதாவது நிஜத்தில் 87 அடி இருப்பது இங்கே 1 அடி. நிஜத் தண்டவாளத்தின் இடைவெளி 1435 மில்லிமீட்டர், என் மேசையில் 16.5. நான் செய்துகொண்டிருப்பது 1920களின் நியூ இங்கிலாந்து ஆலை ஊர் ஒன்று. ஆறு, செங்கல் ஆலை, ஒரு பெரிய தெரு, அதன் நடுவில் ட்ராம். ஊர் கற்பனை, ட்ராம்கள் கற்பனை இல்லை.

காலையில் காபியோடு கீழே இறங்கினால் 20 நிமிடம் கிடைக்கும். அதில் பாதி தண்டவாளம் துடைப்பதில் போகும். ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைத்தால் துணி கறுத்துப் போய் வரும், நேற்றுத் துடைத்த இடமாகவே இருந்தாலும். பெரிய டீசல் எஞ்சின் மாதிரிக்கு 12 சக்கரம் இருக்கும், ஒன்று அழுக்கில் ஏறினாலும் மற்றவை மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். சின்ன ட்ராமுக்கு நாலே நாலு சக்கரம். ஒரு துளி தூசியில் நடுத்தெருவில் நின்றுவிடும். இப்போது வரும் டிசிசி டீகோடர்களோடு (வண்டிக்குள் இருந்து அதன் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன மின்னணுப் பலகைகள்) ஒரு கெபாசிட்டரைச் சேர்த்துவிட்டால் அந்த அரை நொடியைச் சமாளித்துவிடலாம். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். நான் செய்யவில்லை, காரணம் பிடிவாதம். என் மேல்கம்பியில் நிஜமாகவே மின்சாரம் ஓடுகிறது. பாஸ்பர் பிரான்ஸ் கம்பி, பித்தளைக் கம்பங்கள், எல்லாம் கையால் சால்டர் செய்தது.

இதில் வீம்பு மட்டும் இல்லை, ஒரு வசதியும் உண்டு. சாதாரண மாதிரி ரயிலில் ஒரு தண்டவாளம் பிளஸ், மற்றது மைனஸ். வண்டி ஒரு சுற்று வளைந்து தான் வந்த பாதையிலேயே திரும்பச் சேர்ந்தால் பிளஸ்சும் மைனஸும் மோதி ஷார்ட் ஆகிவிடும். மேல்கம்பியை ஒரு முனையாகவும், இரண்டு தண்டவாளங்களையும் சேர்த்து இன்னொரு முனையாகவும் வைத்துவிட்டால் அந்தத் தலைவலியே இல்லை. நிஜ ட்ராமும் இப்படித்தான். கம்பியில் 600 வோல்ட் நேர்மின்சாரம் வந்து, மோட்டார் வழியாக இறங்கி, தண்டவாளம் வழியாகத் திரும்பிப் போகிறது. அப்புறம், எச்ஓவில் சாதாரண ரயிலுக்கு வளைவின் ஆரம் 18 அங்குலமாவது வேண்டும். குட்டி ட்ராம் 6 அங்குலத்திலேயே திரும்பிவிடும். இடம் இல்லாதவர்கள் ட்ராம் பக்கம் ஒதுங்குவதற்கு இதுவே காரணம். நானும் அப்படி ஒதுங்கியவன்தான்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம், வாரத்தில் மூன்று நாள். மகளுக்குப் பரீட்சை என்றால் அதுவும் கிடையாது. ஒரு மாலை முழுக்க ஒரு ஜன்னல் சட்டத்துக்கு பெயின்ட் அடிப்பேன். இன்னொரு மாலை ஜல்லி கொட்டுவேன். ஸ்பூனால் தூவி, பிரஷ்ஷால் ஒதுக்கி, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் பசை முத்து முத்தாக மேலேயே உருளும். ஒரு அடி பாதை முடிந்தால் அன்றைக்குப் பெரிய சாதனை. என் மனைவி இதை “கோலம் போடுகிறாயா?” என்று கேட்பாள். அதைவிடச் சரியான வர்ணனை எனக்குக் கிடைத்ததில்லை.

சனிக்கிழமை வேறு உலகம். ஆறே முக்காலுக்குக் கிளம்பினால் எட்டு மணிக்கு முன் கொட்டகையில் இருப்பேன். இரும்பு நுனி வைத்த பூட்ஸ், கையுறை, மதியத்துக்குத் தயிர் சாதம். கையெழுத்துப் போட்டு, அன்றைய அறிவிப்புகளைப் படித்து, பிறகு வண்டியைச் சோதிப்போம். பிரேக் கட்டைகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன, சக்கர அச்சுப் பெட்டியில் எண்ணெய் இருக்கிறதா, மணல் பெட்டி காலியா, காலால் மிதிக்கும் மணி அடிக்கிறதா, கூரையிலிருந்து நீண்டு மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் ட்ராலிக் கோலின் கயிறு இற்றுப்போயிருக்கிறதா என்று பட்டியல் நீளும். பிறகு ஒருவர் கயிற்றைப் பிடித்துக் கோலைக் கம்பியில் பொருத்துவார். ஒரு சின்னப் பொறி பறக்கும், பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரஸர் அடிவயிற்றிலிருந்து ‘தடதட’வென்று ஆரம்பிக்கும். காற்றழுத்தம் ஏறி அது தானாக நிற்கும் வரை யாரும் வண்டியை நகர்த்த மாட்டார்கள். நூறு வயது வண்டி விழித்துக்கொள்ளும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே சீக்கிரம் வருகிறவர்கள் உண்டு.

ஓட்டுபவர் மோட்டார்மேன், பின்னால் கண்டக்டர். ஓட்ட வேண்டுமென்றால் விதிப் புத்தகம் படித்து, தேர்வு எழுதி, பயிற்சியாளரோடு பல நாள் ஓட்டிக் காட்ட வேண்டும். பிறகும் வருடா வருடம் மறுபடி தகுதி காட்ட வேண்டும். எனக்கு முதல் சீசன் முழுவதும் கண்டக்டர் வேலைதான். இரண்டு மணி அடித்தால் புறப்படு, ஒரு மணி அடித்தால் நிறுத்து. பாதை முடிகிற இடத்தில் இறங்கி, ஒரு கோலை இறக்கிக் கட்டி, மறுமுனைக் கோலை ஏற்றி, உள்ளே வந்து இருக்கைகளின் முதுகை ஒவ்வொன்றாகத் தள்ளித் திசை மாற்ற வேண்டும். குழந்தைகளுக்கு அந்த இருக்கை திருப்புவதுதான் மொத்தப் பயணத்திலும் பெரிய வேடிக்கை. அவர்களையே செய்யச் சொல்லிவிடுவேன், எனக்கும் வேலை மிச்சம்.

மாதிரி ரயிலில் இருந்து வருகிறவர்கள் எல்லாருமே முதலில் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறோம்: பிரேக். நான் நன்றாகத் தடுமாறினேன்.

ஒரு கணக்கு பாருங்கள். ட்ராம் ஒன்று 20 டன் என்று வைத்துக்கொள்வோம். 87இல் ஒரு பங்கு என்றால் நீளம், அகலம், உயரம் மூன்றும் 87 மடங்கு குறைகின்றன. 87ஐ மூன்று முறை பெருக்கினால் 6,58,503. 20 டன்னை அதால் வகுத்தால் வருவது வெறும் 30 கிராம். அவ்வளவு லேசாக இருந்தால் மாதிரி தண்டவாளத்தில் நிற்காது. அதனால் அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் பரிந்துரைப்படி எச்ஓ வண்டிக்கு ஒரு அவுன்ஸும், நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸும் இருக்க வேண்டும். 6 அங்குல வண்டிக்கு 4 அவுன்ஸ், ஏறக்குறைய 113 கிராம். கணக்குப்படி இருக்க வேண்டியதைப் போல நாலு மடங்கு கனம். அப்படியும் அது விரல் பட்டால் நிற்கிறது. குமிழைத் திருப்பினால் சட்டென்று நிற்கும், மறுபடி திருப்பினால் ஓடும். டீகோடரில் மெதுவாக வேகம் குறையும்படி எண்களை மாற்றி வைக்கலாம். ஆனால் அது நடிப்பு. நிறுத்த வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் அது நிற்கும்.

20 டன் உங்கள் நினைப்பைக் கேட்காது. மோட்டாருக்கு மின்சாரம் விடும் கன்ட்ரோலரை அணைத்த பிறகும் அது போய்க்கொண்டே இருக்கும். பிரேக் கைப்பிடியைத் திருப்பினால் காற்று சிலிண்டருக்குள் போக ஒரு கணம் ஆகும், கட்டை சக்கரத்தைப் பிடிக்க இன்னொரு கணம். புதியவர்கள் பயத்தில் மெதுவாகத் தொட்டு, போதவில்லை என்று கொஞ்சம் கூட்டி, கடைசியில் மொத்தமாக இழுத்துவிடுவார்கள். நின்றிருக்கும் பயணிகள் எல்லாரும் முன்னால் வந்து விழுவார்கள். சரியான முறை இதற்கு நேர்மாறு. வேகம் இருக்கும்போதே நன்றாகப் பிடித்து, வேகம் குறையக் குறைய காற்றை வெளியே விட்டு, நிற்கிற நொடியில் சிலிண்டரில் கொஞ்சமே மிச்சம் இருக்க வேண்டும். அப்படி நின்றால் நின்றதே தெரியாது. இதைச் சொல்லிக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். மூடியில்லாத ஒரு காகிதக் கோப்பையில் தண்ணீரை நிரப்பி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். மூன்று சனிக்கிழமை என் சட்டை நனைந்தது.

இலையுதிர் காலம் வந்தால் பாடம் இரண்டாம் பாகம். தண்டவாளத்தில் இலைகள் விழுந்து நசுங்கி, சோப்பு தடவியது போல ஆகிவிடும். பிரேக் பிடித்தால் சக்கரம் சுற்றாமல் அப்படியே வழுக்கும். அப்படி வழுக்கிய சக்கரத்தில் ஒரு இடம் மட்டும் தட்டையாகத் தேய்ந்துவிடும், அதற்கப்புறம் அந்த வண்டி ‘டொக் டொக்’ என்று உங்கள் தவறை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டே ஓடும். மணல் தூவ வேண்டும், எல்லாவற்றையும் முன்கூட்டியே ஆரம்பிக்க வேண்டும். இந்தப் பாடம் எந்தப் பேஸ்மென்ட்டிலும் கிடைக்காது. ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரிந்தது. மாதிரி ரயில் வடிவத்தைப் பற்றி உண்மையைச் சொல்கிறது, கனத்தைப் பற்றிப் பொய் சொல்கிறது. இரண்டு இடத்துக்கும் போகிறவனுக்குத்தான் அந்தப் பொய் தெரியும்.

இதே பாடத்தை வேறு வழியிலும் வாங்கிக்கட்டிக்கொண்டேன். மதியம் ஓட்டம் இல்லாதவர்கள் பட்டறைக்குப் போவோம். அங்கே ஒரு மர ட்ராம் பல வருடமாகப் புனரமைப்பில் இருக்கிறது. ட்ராம் சேவைகள் மூடியபோது, சக்கரங்களையும் மோட்டார்களையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, உடலை மட்டும் விற்றுவிடுவது இங்கே சகஜம். வாங்கியவர்கள் கோடை வீடாக, கோழிக் கூண்டாக வைத்துக்கொண்டார்கள். நம்முடையது கோழிக் கூண்டு ரகம். பெயின்ட்டைச் சுரண்டினால் அடுக்கடுக்காக நிறங்கள் வரும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருப்பதால் முகமூடி இல்லாமல் தொடக் கூடாது. கூரை பலகையின் மேல் கான்வாஸ் துணியை இழுத்து ஆணியடித்துப் பெயின்ட் பூசியது, அது முழுவதும் மக்கிப்போயிருந்தது.

படியில் ஏறும்போது பிடித்துக்கொள்ளும் கைப்பிடியைத் தாங்கும் பித்தளைத் துண்டு ஒன்று காணாமல் போயிருந்தது. நான் ஏற்கெனவே அதே ரக வண்டியின் மாதிரி செய்ய, மியூசியக் காப்பகத்தில் பழைய புகைப்படங்களைப் பார்த்து, அளவுநாடாவால் உடலை அளந்து, கணினியில் வரைந்து வைத்திருந்தேன். அதையே முழு அளவுக்குப் பெரிதாக்கி, 3டி பிரின்டரில் அச்சு எடுத்து, வார்ப்படக்காரருக்கு அனுப்பலாம் என்றேன். எல்லாரும் சரி என்றார்கள். என் தலை கொஞ்சம் வீங்கியது. பித்தளை வார்ப்பு வந்தது, அழகாக இருந்தது, ஆனால் திருகு ஓட்டைகள் மரத்தில் இருந்த பழைய ஓட்டைகளோடு சேரவில்லை. 300 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது நாலரை மில்லிமீட்டர் குறைவு. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும், பித்தளைக்கு நூற்றுக்கு ஒன்றரை அளவில் என்று வைத்து அச்சைப் பெரிதாகச் செய்ய வேண்டும். நான் அதை யோசிக்கவே இல்லை. பட்டறையில் மர அச்சு செய்யும் ஒரு தாத்தா இருக்கிறார். அவர் தன் பெட்டியைத் திறந்து ஒரு அளவுகோலை எடுத்துக் காட்டினார். சுருக்கத்தைக் கணக்கில் சேர்த்தே கோடு போட்ட அளவுகோல், அந்தத் தொழிலுக்கென்றே செய்வது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் சங்கடம். நாலரை மில்லிமீட்டர் என் மேசையில் 0.05 மில்லிமீட்டர். பெயின்ட்டின் கனம்கூட இருக்காது. அந்த முதல் வார்ப்பு இப்போது என் பேஸ்மென்ட்டில் காகிதங்கள் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன்.

இந்த மியூசியங்கள் எப்படி வந்தன என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது, ஏனென்றால் இவை அரசு தொடங்கியவை இல்லை. மெய்ன் மாநிலத்தில் கென்னபங்க்போர்ட்டில் இருக்கும் சீஷோர் ட்ராலி மியூசியம் 1939இல் சில ரசிகர்கள் 150 டாலர் கொடுத்து, பக்கங்கள் திறந்த கோடைக்கால ட்ராம் ஒன்றை வாங்கியதில் தொடங்கியது. பிடஃபோர்ட் அண்ட் சேகோ நிறுவனத்தின் 31ஆம் எண் வண்டி அது. இன்று அங்கே 250க்கு மேற்பட்ட வண்டிகள். கனெக்டிகட்டில் ஈஸ்ட் ஹேவனில் இருக்கும் ஷோர் லைன் ட்ராலி மியூசியத்தின் சங்கம் 1945இல் அமைந்தது. 1900இல் போட்ட பாதையின் ஒன்றரை மைல் துண்டை, சேவை நிற்கும்போதே அவர்கள் எடுத்துக்கொண்டதால், அந்தப் பாதையில் ட்ராம் இன்று வரை ஓடுகிறது. உப்புச் சதுப்பு நிலத்தின் நடுவே போகும், பார்க்க அவ்வளவு அழகு. அந்த அழகுக்கு விலையும் உண்டு. 2011இல் ஐரீன் புயலும், மறு வருடம் சாண்டி புயலும் கடல்நீரைக் கொட்டகைக்குள் கொண்டுவந்துவிட்டன. உப்புத் தண்ணீர் புகுந்த மோட்டார்களைக் கழற்றி, சுத்தம் செய்து, காய வைத்து மீட்பது வருடக்கணக்கான வேலை. பிறகுதான் உயரமான இடத்தில் புதிய கொட்டகைகள் எழுந்தன.

அங்கே எனக்குப் பிடித்த வண்டி 629. நியூயார்க்கின் தேர்ட் அவென்யூ நிறுவனத்துடையது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவுக்கு அமெரிக்கா உதவிய மார்ஷல் திட்டத்தின் கீழ் 42 வண்டிகளை ஆஸ்திரியாவுக்கு அனுப்பினார்கள். வியன்னா ஊர்க்காரர்கள் அவற்றுக்கு வைத்த பெயர் ‘அமெரிக்கர்’. உள்ளூர் ட்ராம்களைவிட அகலம் என்பதால் சில தடங்களில் மட்டுமே ஓட்ட முடிந்தது. அங்கே உழைத்து ஓய்வு பெற்று, கடல் தாண்டித் திரும்பி வந்தவற்றில் ஒன்றுதான் 629. வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஆள். அதற்கு மட்டும் நான் சும்மா ஒரு வணக்கம் போட்டுவிட்டு வருவது வழக்கம். 1936இல் புரூக்ளினில் ஓட ஆரம்பித்த 1001 எண் பிசிசி வண்டியும் அங்கேதான் இருக்கிறது. கார்களிடமும் பேருந்துகளிடமும் தோற்றுக்கொண்டிருந்த ட்ராம் நிறுவனங்கள் சேர்ந்து வடிவமைத்த புது ரகத்தின் முதல் வண்டிகளில் ஒன்று அது.

பனிக்காலத்தில் வழக்கமான பயணிகள் ஓட்டம் இல்லை, ஆனால் வேலை உண்டு. டிசம்பரில் சான்டா தாத்தா வண்டி ஓடும், அதற்கு முன் அக்டோபரில் பூசணிக்காய் வண்டி. குழந்தைகளை ட்ராமில் ஏற்றி, பாதை முடிவில் ஒரு வயலில் இறக்கிவிட்டு, ஆளுக்கொரு பூசணிக்காய். சீரியசான ரசிகர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். அந்த ஐந்தாறு வாரக் கடைசிகளின் வருமானத்தில்தான் கூரை ஒழுகாமல் இருக்கிறது என்று பொருளாளர் சொல்லிக் கேட்ட பிறகு நான் சுளிப்பதை விட்டுவிட்டேன். ஜனவரியில் குளிர்க் கொட்டகையில் ஜன்னல் சட்டங்களுக்கு உப்புத்தாள் தேய்ப்போம். வசந்தத்தில் பாதை வேலை. ஒரு ஸ்லீப்பர் கட்டை 90 கிலோ அளவில் இருக்கும், நாலு பேர் இடுக்கி போட்டுத் தூக்க வேண்டும். ஜல்லியை மண்வெட்டியால் அள்ளிக் கொட்டும் ஒவ்வொரு முறையும் வீட்டு ஸ்பூன் ஞாபகம் வரும். இரவு வீட்டுக்கு வந்து அதே வேலையை ஸ்பூனால் செய்யும் ஆளுக்கு முதுகுவலி வந்தால் யாரும் பரிதாபப்பட மாட்டார்கள்.

நேரம், செலவு பற்றி. வேலையும் குடும்பமும் இருக்கிறவர் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஒதுக்கினால் போதும். ஓட்டும் தகுதியைத் தக்கவைக்க வருடத்துக்கு இத்தனை நாள் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு கணக்கு இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். மியூசியத்தில் உறுப்பினர் கட்டணம், பூட்ஸ், பெட்ரோல், அவ்வளவுதான் செலவு. பையைக் காலி செய்வது வீட்டு ரயில். ஆரம்பிப்பவர்கள் மொத்த ஊரையும் வாங்க வேண்டாம். ஒரு ட்ராம், ஒரு தெரு, இரண்டு முனையிலும் ஒவ்வொரு வளைவு, புத்தக அலமாரியின் ஒரு தட்டில் அடங்கிவிடும்.

மியூசியத்தில் சேர உங்களுக்கு எந்த முன் அனுபவமும் வேண்டாம். மின்சாரம் தெரிந்தவர், மரவேலை தெரிந்தவர், கணக்கு எழுதத் தெரிந்தவர், சும்மா பேசத் தெரிந்தவர் எல்லாருக்கும் அங்கே வேலை இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அறுபது வயதுக்கு மேல். முழங்கால் நன்றாக இருக்கிற ஒருவர் வாசலில் வந்து நின்றால் அவர்கள் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். ஒரு சனிக்கிழமை காலை, ஓட்டம் தொடங்கும் முன் போய், உதவிக்கு ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். பெயின்ட் சுரண்டியைக் கையில் கொடுப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்கை எப்போது பிடிக்கலாம் என்று மட்டும் முதல் நாளே கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன். ட்ராமில் ஸ்டியரிங் கிடையாது.